இரண்டு பெயர்க்காரன்

கரவனெல்லைக்கு மேலே றப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தோட்டத்தில், ஒரே பெயரோடு பிறந்து ஒரே பெயரோடு செத்தவர்கள் குறைவு. பிறந்ததும் பதிய ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வேலைக்குச் சேரும்போது கூலிப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர். ஒரே லயத்து வீடுகளில் மூன்று இராமசாமி இருந்தால் கிளாக்கருக்குக் கோபம் வரும்; மூன்றாமவனை அவரே வேறு எதுவாகவோ எழுதிவிடுவார். அவனும் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்குவான். சாகும்வரை தூக்கிக்கொண்டே இருப்பான். இதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. வேலைக்கு ஒரு சட்டை, விசேஷத்துக்கு ஒரு சட்டை என்று வைத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான் நினைத்தார்கள்.

லுத்தரன் சபையில் சேர்ந்த எட்டுக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு பெயர் கூடுதலாகக் கிடைத்தது. பால் வெட்டுகிற கருப்பாயி பத்து வருசத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்து மார்த்தா ஆனாள். வாரத்தில் ஆறு நாள் கருப்பாயி, ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் மார்த்தா. அவளோடு பதினோரு வயதில் ஞானஸ்நானம் எடுத்த ஒரே மகன் இந்திரகுமாருக்கு எலியேசர் என்று பெயர். புருஷன் ஏழுமலை மட்டும் சேரவில்லை. அவன் இஸ்டோரில் றப்பர் சீட்டுகளுக்குப் புகை போடுகிறவன். உடம்பு, உடுப்பு, சோற்றுக் கோப்பை எல்லாவற்றிலும் அந்தப் புகை வாடை ஏறியிருக்கும்.

"எனக்கு இருக்கிற ஒரு பேரயே செமக்க முடியல. இன்னொன்ன எங்க கொண்டு போயி வைக்கிறது" என்பான். சண்டைக்குச் சொல்லமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது, "மார்த்தாம்மா, தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போங்க" என்று கேலி பண்ணுவான்.

சபை கூடியது பழைய பிள்ளைக்காம்பராவில். வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகக் கட்டிய அறை அது. புதியது கட்டியதும் தோட்டத்துத் தொரை இதை இவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். தொட்டில் கட்டிய கம்பிகள் இன்னும் உத்தரத்தில் தொங்கின. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும்.

போதகர் ரொபர்ட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. எஹலியகொடப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டுக்காரன் மகனாகப் பிறந்து, மிஷன் தயவில் படித்து, நான்கு தோட்டங்களுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். கீழே பஸ்ஸை விட்டு இறங்கினால் மூன்று மைல் ஏற்றம். இடது முழங்கால் வீங்கியிருக்கும். ஒரு தோல்பை, அதற்குள் கறுப்பு அங்கி, திருவிருந்துக் கிண்ணம், சபைப் பதிவேடு, அட்டைக் கடிக்குத் தேய்க்க ஒரு துண்டுச் சவர்க்காரம். பிரசங்கம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆரம்பித்த இடத்தை மறந்துவிட்டு வேறெங்கோ முடிப்பார். ஆனால் வருவார். மலை சரிந்து ரோடு உடைந்த மாதத்திலும், ஊரடங்குக்கு மறுநாளும் வந்தார். கரவனெல்லை ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார். ரொட்டியும் கட்டச் சம்பலும் என்றால் இன்னொன்று கேட்டு வாங்குவார். அந்தச் சனத்துக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவர் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். "பயம் வரும். வராதுன்னு நான் சொல்லல. எனக்கே வரும். அப்ப வேற எதையும் யோசிக்காதீங்க. 'எனக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கு, ஆண்டவர் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கார்'ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. நம்ம கிட்ட எதப் புடுங்கினாலும் அதப் புடுங்க முடியாது."

தனக்கும் பயம் வரும் என்று அவர் சொன்னது பேச்சுக்கு இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் பிறந்த லயத்தைக் கொளுத்தினார்கள். பெண்சாதியோடு இரண்டு இரவு றப்பர் காட்டுத் தண்ணீர்க் கானுக்குள் படுத்துக் கிடந்தவர். அதற்குப் பிறகு காக்கி உடுப்பைக் கண்டால் அவருக்குக் கை வியர்க்கும். சபையில் எல்லோருக்கும் இது தெரியும். அதற்காக யாரும் அவரைக் குறைவாக நினைத்ததில்லை.

தொண்ணூற்றேழாம் வருசம், பெந்தெகொஸ்தே ஞாயிறு. கொழும்பில் இரும்புக் கடையொன்றில் வேலைக்கு நின்ற இந்திரகுமார் திருவிருந்து எடுக்கவென்று சனிக்கிழமை வந்து, திங்கள் காலை திரும்பிப் போனான். இருபத்தொரு வயதாகியும் அவனுக்கு அடையாள அட்டை வரவில்லை. பிறப்புப் பதிவு காணாமல் போய், எழுதிப் போட்டு ஒரு வருசமாகியும் பதில் இல்லை. ரோட்டில் செக்பொயிண்டுகளில் காட்ட அவனிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம்: இந்திரகுமார் என்கிற இவன் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்று தொரை கையெழுத்துப் போட்டது. அதைக் காட்டி ஐந்தாறு முறை போய் வந்திருந்தான்.

அந்தத் திங்கள் காலை கருப்பாயிதான் பெட்டியைத் திறந்து அவனுடைய ஞானஸ்நானக் கார்டை எடுத்தாள். சபை முத்திரை குத்தி, போதகர் கையெழுத்துப் போட்ட தடித்த கார்டு.

"இதையும் உள்ள வச்சுக்க."

"லெட்டர் இருக்கேம்மா."

"இருக்கட்டும். கொழும்புல குண்டு வெடிக்குதுன்னு பேசிக்கிறாங்க. ஒன்னுக்கு ரெண்டு இருந்தா நல்லதுதான? கோயில் முத்திரை இருக்கு, ஐயா கையெழுத்து இருக்கு."

"ஒன்னு போதும்டி" என்றான் ஏழுமலை, பல் துலக்கிக்கொண்டே. "கேக்குறதுக்கு மேல ஏன் காட்டணும்?"

அவள் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்து, மகனின் சட்டைப் பையில் தன் கையாலேயே செருகினாள்.

*

மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் மரங்கள் காய்ந்திருந்தன. ஈர மரத்தில் கத்தி வைக்க முடியாது, பட்டை வழியே பால் சிதறிப் போகும். அதனால் வெயில் கண்ட நாளில் எல்லோரும் பறந்து பறந்து வெட்டினார்கள். கருப்பாயிக்கு இருநூற்றுச் சொச்சம் மரம். பதினொரு மணிக்கு அவள் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு, மேற்கே மேகம் கறுப்பதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். மழை முந்திவிட்டால் சிரட்டையில் இருப்பதெல்லாம் தண்ணீர்.

அப்போது மரங்களுக்கிடையே சாரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு மீராசாஹிப் ஏறி வந்தார். கீழே பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருப்பவர். இருபது வருசத்தில் அவர் மலை ஏறி யாரும் பார்த்ததில்லை.

"புள்ள, வாளிய கீழ வச்சிட்டுக் கேளுங்க."

"சொல்லுங்க மொதலாளி."

"ஒங்கட மகன பஸ்ஸில இருந்து எறக்கி இருக்காங்க. அவிசாவளைக்கு இந்தப் பக்கம். கண்டக்டர் திரும்பி வரக்குள்ள கடையில வந்து சொன்ன."

"லெட்டர் இருக்குதே மொதலாளி. தொரை லெட்டர்."

"அதப் பாத்துட்டுத் தரப் போனாங்களாம். உறைக்குள்ள இன்னொரு கார்ட் இருந்திச்சாம். அதில வேற பேராம். எதுடா ஒன்ட பேருன்னு கேட்டு, பொலிஸ் ஜீப்ல ஏத்திட்டாங்களாம்." மூச்சு வாங்கினார். "பாஸ்டர் ஐயாவுக்கு நான் போன் போட்டுச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வாறாராம்."

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போனாள். சிரட்டையைக் கவிழ்த்தாள். அதற்கடுத்த மரத்துக்குப் போனாள். மீராசாஹிப் பின்னாலேயே நடந்தார். பத்துப் பதினைந்து மரத்துக்குப் பிறகு மழை வந்தது. அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

"நான்தான் வச்சேன் மொதலாளி" என்றாள். "எங் கையாலதான் வச்சேன்."

*

மறுநாள் கருப்பாயியும் போதகரும் போனபோது, மகனை அடைத்திருந்த பொலிஸில் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் சட்டங்களும் வண்ணத் தாள்களும் வராந்தா முழுக்க இறைந்து கிடந்தன. இன்ஸ்பெக்டரின் விரல்களிலும் பசை காய்ந்திருந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார். அவர் பேசியது சிங்களத்தில். கருப்பாயிக்கும் போதகருக்கும் அது தமிழ் மாதிரிதான் விளங்கும்.

"நம் தெகக் மொகடத?" இரண்டு பெயர் எதற்கு என்றுதான் முதலில் கேட்டார். மேசையில் கடிதமும் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அது சபையில குடுக்கிற பேர் சேர்" என்றார் போதகர். "ஞானஸ்நானத்துல குடுக்கிறது."

"புலிக்கும் இப்படித்தான். அம்மா வைத்த பெயர் ஒன்று, இயக்கம் வைத்த பெயர் ஒன்று. நான் உங்களை நம்புகிறேன். ஆனால் எனக்கு மேலே இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்." இன்ஸ்பெக்டர் அறையின் மூலையைக் கண்ணால் காட்டினார். அங்கே சாதாரண உடுப்பில் ஒருவன் உட்கார்ந்து ஒரு பைலைப் புரட்டிக்கொண்டிருந்தான். கொழும்பிலிருந்து வந்தவன். "இரண்டு பெயரில் பேப்பர் வைத்திருந்தால் தெற்கே முகாமுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் மேலே இருந்து வந்த ஓடர். ஒரே பெயர் என்றால் நான் இங்கேயே விட்டுவிடலாம்."

"ஒரே பேர்னா?"

"இந்தக் கார்ட் இந்தப் பையனுடையது இல்லை. வேறு யாருடையதோ. கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்னேரம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்."

போதகர் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதற்குள் பதிவேடு இருந்தது. பத்து வருசத்துக்கு முன் அவரே எழுதிய வரி அதற்குள் இருந்தது.

"அய்யா" என்றாள் கருப்பாயி. "எழுதுங்க."

"மார்த்தா…"

"என்னய கருப்பாயின்னே கூப்புடுங்க. எழுதுங்கய்யா. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். பேரு போனாப் போகட்டும், புள்ள வரட்டும்." அவள் நாற்காலியிலிருந்து இறங்கி அவருடைய ஈரச் செருப்பைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் கூடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுதினார். ஆறு வரி. எலியேசர் என்கிற பெயரில் இந்த ஆளுக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பது ஐந்தாவது வரி. கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் வாசித்து, முத்திரை குத்தி, பையனைக் கூட்டிவரச் சொன்னார்.

இவ்வளவும் நடந்தும், உள்ளே அடைபட்டிருந்த பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்திரகுமாரின் உதடு வெடித்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டே வந்தவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான், பிறகு போதகரைப் பார்த்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்ததைக் கருப்பாயி கண்ணால் கண்டாள். அவன் தோளெல்லாம் நிமிர்ந்தது. சாட்சி சொல்ல ஐயா வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பான். பாவிப் பிள்ளை, வேறென்ன நினைப்பான்.

மூலையில் இருந்தவன்தான் பெயர் கேட்டான், பைலிலிருந்து தலையைத் தூக்காமலே. "நம மொகத?"

"எலியேசர் இந்திரகுமார்" என்றான் பையன். சத்தமாக, தெளிவாக, சபையில் சொல்வது போலச் சொன்னான். "வீட்டில் இந்திரகுமார். ஞானஸ்நானப் பெயர் எலியேசர். எனக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது." கையை நீட்டினான். "இவர்தான் கொடுத்தார்."

கொழும்புக்காரன் எழுந்து வந்து போதகர் எழுதிய கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து வாசித்தான். இன்ஸ்பெக்டர் பசை காய்ந்த விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இவன் சொல்வது உண்மையா?" கேள்வி போதகருக்கு.

அவர் தரையைப் பார்த்தார். "கடிதத்துல இருக்கிறதுதான்" என்றார்.

பையனுக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, நான்தான்யா" என்று தமிழில் சொன்னான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயந்தாள். அந்தப் பயத்தில்தான் அவள் சும்மா நின்றாள். பிற்பாடு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

*

வீட்டில் ஏழுமலை மரவள்ளிக் கிழங்கு அவித்து, மகனுக்கென்று ஒரு துண்டு கருவாடு சுட்டு வைத்திருந்தான். அவள் தனியாக வந்ததைப் பார்த்ததும் தட்டை மூடினான். அவள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஒங்க ஐயா இல்லேன்னுட்டாரா?"

"நான்தான் எழுதச் சொன்னேன்."

"அவன் சொன்னப்ப?"

"நானும் சும்மாதான் நின்னேன்."

ஏழுமலை கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தாள். ஓங்கியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் கிழங்குச் சட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொட்டிவிட்டு, புகைக் கூடத்துக்கு வேலைக்குப் போனான்.

செய்தி ஐந்து லயத்துக்கும் பரவியது. தண்ணி பிடிக்கப் பைப்படிக்குக் கருப்பாயி போனால் பேச்சு நின்றது. வியாழக்கிழமை, சபைக்காரி விஜயகலா முந்தானைக்குள் மூன்று கார்டுகளை மறைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பிள்ளைகளின் ஞானஸ்நானக் கார்டுகள்.

"அக்கா, இத அடுப்புல போட்டுறவா? எங்க வீட்டுக்காரர் போடச் சொல்றாரு. செக்கிங் வந்தா வீட்டுல இருக்கக் கூடாதாம்."

கருப்பாயி கார்டுகளைத் தொடவில்லை. "ஒன் புள்ளைங்க, ஒன் இஷ்டம்" என்றாள். விஜயகலா அவற்றை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்று அந்த லயத்துப் புகைபோக்கியைக் கருப்பாயி பார்க்கவே இல்லை. சமையல் புகையா கார்டுப் புகையா என்று யோசிக்க வேண்டிவரும்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு போதகர் வந்தார். பிள்ளைக்காம்பராவில் ஏழு பேர் இருந்தார்கள். அவர் அங்கியை எடுக்கவில்லை. பாட்டுப் பாடச் சொல்லவில்லை. ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று பதிவேட்டைத் திறந்து, எலியேசர் என்று எழுதியிருந்த வரியை எல்லோருக்கும் காட்டினார்.

"இது நான் எழுதுனது. செவ்வாக்கெழம இதப் பொய்யின்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்துக் கேட்டப்பவும் இல்லேன்னுட்டேன். ஒங்களுக்கு தைரியம் சொல்ல எனக்கு இனி வாயில்ல. நீங்க என்ன மன்னிக்கணும்."

இப்படி ஒரு போதகர் நின்று அவர்கள் பார்த்ததில்லை. அவருடைய நரைத்த தாடியில் மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிப்ப அப்பறம் பாத்துக்கலாம்யா" என்றாள் கருப்பாயி. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாங்க."

"எதுக்கு?"

"அங்க எம் புள்ள பொய்க்காரனா இருக்கான். அவன் மெய்யச் சொன்னான், ஒங்க பேப்பர் அவனப் பொய்யனாக்கிருச்சு. நான் எழுதச் சொன்னேன், நீங்க எழுதுனீங்க. போயி அது பொய்யின்னு சொல்லணும். ரெண்டு பேருமா சொல்லணும்."

"என்னையும் புடிச்சு வச்சிருவாங்க மார்த்தா."

"வச்சிருவாங்க" என்றாள் அவள்.

போதகர் பதிவேட்டை மூடினார். வெகுநேரம் அதன் அட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சம்மதமாகத் தலையை ஆட்டினார். அன்றைக்கு ஆராதனை அவ்வளவுதான்.

*

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகாமல் அவள் முதல் பஸ்ஸில் ஏறினாள். டவுனில் போதகர் ஏறினார். பொலிஸ் வராந்தாவில் வெசாக் கூடுகள் மழையில் தாள் கிழிந்து தொங்கின. இன்ஸ்பெக்டர் அவர்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"பையன் இங்கே இல்லை. சனிக்கிழமை லொறியில் அனுப்பியாயிற்று. முப்பத்தைந்து பேரில் ஒருவன். பைலும் அவனோடு போய்விட்டது."

"என் கடிதம்?"

"அதுவும் பைலில்தான்."

போதகர் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தார். "சேர், அந்தக் கடிதம் பொய். நான்தான் ஞானஸ்நானம் குடுத்தேன். இதுதான் பதிவு. அத நான் வாக்குமூலமா குடுக்கணும். எழுதி மேல அனுப்புங்க."

இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சந்தேகப்பட்டவனுக்குப் பொய்க் கடிதம் கொடுத்தேன் என்று எழுதினால் நான் உங்களை உள்ளே போட வேண்டும். இந்த வயதில் அதைத் தாங்கமாட்டீர்கள். எழுந்து போங்கள். நான் இன்றைக்கு உங்களைப் பார்க்கவில்லை."

போதகர் மேசைக்குக் கீழே வீங்கிய முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். கருப்பாயிக்கு அது தெரிந்தது. இந்தத் தடவை அவள் எழுதுங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன முறை அவரை அமுக்கியது போதும் என்று இருந்தது. அவர் எழுந்து போனாலும் அவரைத் தப்புச் சொல்லமாட்டேன் என்று அவள் மனசுக்குள் தீர்மானித்தும் விட்டாள். கானுக்குள் இரண்டு இரவு கிடந்த மனுஷன்.

"எழுதுங்க சேர்" என்றார் அவர்.

எழுதினார்கள். நானும் சேர்ந்துதான் பொய் சொன்னேன் என்று கருப்பாயி சொன்னபோது, "உன்னை யாரும் கேட்கவில்லை, வெளியே போ" என்றார்கள். தோட்டத்துப் பொம்பளையின் வாக்குமூலம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பதிவேட்டை வைத்துக்கொண்டு பையை அவளிடம் கொடுத்தார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது போதகர் திரும்பி, "ஞாயித்துக்கெழம சனம் வந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவிடவில்லை. வழக்கமாக அவராலும் எதையும் முடிக்க முடியாதுதான்.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே அங்கியும் கிண்ணமும் சவர்க்காரத் துண்டும் இருந்தன. கொழும்பில் பெரிய சபைக்கு மீராசாஹிப் போன் பண்ணிச் சொன்னார். வக்கீலைப் பார்ப்பதாகச் சொன்னார்களாம். வாரம் முழுக்க மழை. மரம் காயவில்லை, பால் வெட்டு இல்லை, புல் வெட்ட அனுப்பினார்கள். மகன் எந்த முகாமில் இருக்கிறான், இருக்கிறானா என்று கேட்க ஆளில்லை.

அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் பிள்ளைக்காம்பராவைக் கூட்டி, ஒழுகும் இடங்களில் வாளி வைத்தாள். ஏழு பேர் வந்தார்கள். விஜயகலாவும் மூன்று பிள்ளைகளோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். கார்டுகள் என்னாயிற்று என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

கருப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. கிண்ணத்தைப் போதகர் தவிர யாரும் தொடக்கூடாது. அதைப் பைக்குள்ளேயே விட்டாள். மனப்பாடமாய்த் தெரிந்த ஒரு பாட்டை எல்லோரும் பாடினார்கள். கொஞ்சம் இழுபட்டது. பிறகு அவள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். போதகரைப் பேர் சொல்லி, அவர் முழங்காலையும் சேர்த்துச் சொன்னாள். மகனைச் சொன்னாள். தான் அவனுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றதைச் சொல்ல வந்தாள். நிறுத்தினாள்.

புகை வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தாள். ஏழுமலை வாசலில் நின்றான். பத்து வருசத்தில் அவன் அந்தப் பக்கம் வந்ததில்லை. உள்ளே வராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பேரச் சொன்ன?" என்று கேட்டான்.

"ரெண்டையும்தான் சொன்னேன்."

"இன்னொன்னு இருக்கு." அவன் மற்றவர்களைப் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தான். "அம்மை வார்த்து அவன் செத்துப் பொழச்சானே, நாலு வயசுல. அப்ப நான் மாரியம்மனுக்கு நேர்ந்து ஒரு பேரு வச்சேன். மாரிமுத்து. நீ இங்க வந்து சேந்தப்பறம் ஒனக்குப் புடிக்காதுன்னு வெளிய சொல்றதில்ல. நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கப்ப அப்படித்தான் கூப்புடுவேன்." கதவு நிலையிலிருந்து கையை எடுத்தான். "அதயும் சொல்லு. எதுக்குத் திரும்பிப் பாப்பான்னு யாருக்குத் தெரியும்."

சபையில் சொல்லக்கூடிய பெயரா அது, போதகர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. திரும்பி முழங்காலில் நின்றாள். கண்ணை மூடி, "மாரிமுத்து" என்றாள்.

விஜயகலாதான் முதலில் ஆமென் சொன்னாள். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.